டிஸ்க்குக்கு உரியவரின் விரல்

போன வாரம் கடைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் பேசியது என் காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னீர்கள். ஒரு டிஸ்கை ஃபார்மட் பண்ணுவதற்குக் கூடவா கஸ்டமரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் கையாலேயே பட்டனை அமுக்கச் சொல்ல வேண்டும், இது எந்தக் காலத்து ரூல், பெருசு போட்டதா என்று கேட்டீர்கள். ஆமாம், பெருசு போட்டதுதான். காது இன்னும் நன்றாகவே கேட்கிறது.

ரூல் உங்களுக்குத் தெரியும். எந்த டிஸ்க்காக இருந்தாலும், அதை எந்த இயந்திரத்துக்காக மாற்றினாலும், அழிப்பதற்கு முன் திரையில் வரும் கேள்வியை உரக்கப் படிக்க வேண்டும். உரியவர் கேட்டுப் புரிந்துகொண்டு, தன் விரலால் 'ஆம்' என்று அமுக்க வேண்டும். இரண்டு நிமிடம் வீண்தான். வெளியூர்க்காரர் என்றால் போனில் பிடித்து, இணையம் வழியாக அவரையே அமுக்கவைக்க இன்னும் நேரமாகும். பொறுமை இல்லாத கஸ்டமர்கள் சிரிப்பார்கள், சிலர் கோபித்துக்கொண்டு போயும் இருக்கிறார்கள். அந்த ரூல் எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் வெட்கம். இனி நான் கடைக்கு வரப்போவதில்லை என்பதால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படித்த பிறகு ரூலை வைத்துக்கொள்வதும் எடுப்பதும் உங்கள் பாடு.

தொண்ணூறுகளின் பிற்பாதி. தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை. நம் கடையைத் தொடங்குவதற்கு முன் நான் அங்கே சம்பளத்துக்கு இருந்தேன். வாசலில் ஒரு பலகை: 'மேக்கிலிருந்து பிசிக்கும், பிசியிலிருந்து மேக்குக்கும் மாற்றித் தரப்படும்.' அந்த ஒரு வரிதான் எங்களுக்குச் சோறு போட்டது. புத்தக வேலை செய்பவர்கள் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். ஆபீஸ்களிலும் கல்லூரிகளிலும் பிசி. மேக்கில் எழுதிய டிஸ்கைப் பிசியில் போட்டால் பிசிக்குப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டால் பரவாயில்லை. 'இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?' என்று கேட்கும். தனக்குப் புரியாததை ஒன்றுமே இல்லாதது என்று முடிவு கட்டிவிடும் புத்தி. மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று ஜிப் டிஸ்க் என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. உள்ளங்கை அளவு, பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் தடிமன். அதைச் செருகும் டிரைவ் ஒரு நீலப் பெட்டி. எங்கள் மேசையில் இரண்டு நீலப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் வயர் மேக்குக்குப் போகும், மற்றதன் வயர் பிசிக்கு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மாற்றும் வேலைக்காகப் பழைய டிஸ்க்குகள் ஒரு டப்பா நிறைய இருக்கும். அவற்றைத் திரும்பத் திரும்ப அழித்து உபயோகிப்போம். அதனால் அந்தக் கேள்வி ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை என் முன்னால் வரும். நான் படிப்பதே இல்லை. எண்டர், எண்டர், எண்டர். மூன்று தட்டில் டிஸ்க் புதிதாகிவிடும். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால் முதலாளி என் கையைக் காட்டித்தான் வேகம் என்றால் என்ன என்று சொல்வார். எனக்கும் அதில் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் கலைச்செல்வி என்ற பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பெசன்ட் நகர் கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பம். அம்மா மீன் விற்பவர். செல்வி தமிழில் எம்.ஏ. முடித்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியிருந்தார். கடலைப் பற்றி அந்தக் குப்பத்து ஆட்கள் பேசும் சொற்கள்தான் ஆய்வு. காற்று, நீரோட்டம், அலை, தண்ணீரின் நிறம், கடலுக்கடியில் பாறை இருக்கும் இடம், எல்லாவற்றுக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொல் உண்டாம். பெரும்பாலானவற்றைச் சொன்னவர் அவருடைய அப்பா. அந்த அப்பா முந்தின வருடம் இறந்துபோயிருந்தார்.

இதையெல்லாம் படிவம் நிரப்பிக்கொண்டே சொன்னார். திருவல்லிக்கேணியில் பிரம்மச்சாரிகள் தங்கும் மேன்ஷன்கள் இருக்கும் ஒரு தெருவில், மேக் வைத்திருந்த ஒருவரிடம் டைப் செய்யக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் கடையை மூடுகிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரு ஜிப் டிஸ்கில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். கையெழுத்து நோட்டுகள் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டன. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது, இனி கிடையாது. கல்லூரியில் பிசிதான் இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் சார் என்றார். மேக்கில் போட்டது என்பதை இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் பழைய பாக்கி வேலையைப் பற்றிக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே டிஸ்கைச் செருகினேன். செருகியது பிசியின் பெட்டியில். கேள்வி வந்தது. எண்டர், எண்டர், எண்டர்.

மூன்றாவது தட்டில்தான் கண் திரைக்கு வந்தது. டிஸ்க் முழுக்கக் காலி என்று காட்டியது. செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் கவனிக்கவில்லை.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். தப்பு செய்தது மூன்று நொடியில். அது கை செய்த தப்பு. அடுத்து நான் செய்தது யோசித்துச் செய்தது. டிஸ்கை வெளியே எடுத்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஏதோ டிஸ்கில் கோளாறு இருப்பதுபோல. பிறகு, "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா, காலியா இருக்கு. அவர்கிட்டயே போய்க் கேளுங்க" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

"நேத்து என் கண் முன்னால தொறந்து காட்டினாரே சார்" என்றார் செல்வி. டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பனகல் பார்க் பக்கம் பஸ் பிடிக்க ஓடினார்.

எங்கள் கடையில் தமிழ் டைப்செட்டிங் செய்தவர் சாவித்திரி. மயிலாப்பூரில் மாட வீதிப் பக்கம் வீடு, என் வயதுதான். அவருடைய மேசை எனக்குப் பின்னால். அவர் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் பாத்துண்டுதான் இருந்தேன்" என்றார். "நீங்கதானே அழிச்சேள்? அந்தப் பொண்ணு இப்போ திருவல்லிக்கேணில யாரோ ஒருத்தரைப் போய்த் திட்டப் போறா. அவர் என்ன பாவம் பண்ணினார்?"

சாவித்திரி திரும்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். என்னை எழுப்பியது மனசாட்சி என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. என்னை எழுப்பியது தொழில். நான் அடித்த அவசர ஃபார்மட்டில் அழிவது டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கும் பொருளடக்கம் மட்டும்தான், எழுதிய பக்கங்கள் அப்படியே கிடக்கும். அதன்மேல் யாரும் எதையும் எழுதாதவரை எடுத்துவிடலாம். ஆனால் டிஸ்க் என் கையில் இல்லை. காலி டிஸ்க் என்று நினைத்துத் திருவல்லிக்கேணிக்காரர் அதில் எதையாவது போட்டால் தீர்ந்தது. அந்த நினைப்பு வந்ததும் முதலாளியிடம் கூடச் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

ராயப்பேட்டை வழியாகப் போனேன். கடையைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்த ஆள் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். செல்வி வந்து அழுதுவிட்டுப் போய்விட்டாராம். தன்னிடம் வேறு பிரதி இல்லை, மேக்கை விற்றுவிட்டதால் அதில் இருந்த கோப்புகளையெல்லாம் நேற்று சாயந்திரமே மிச்சமில்லாமல் துடைத்துவிட்டேன், நாளைக்கு வாங்கியவர் எடுத்துப் போகிறார் என்றார். டிஸ்கை அந்த மேக்கில் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். போட்டேன், உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் பிசி டிஸ்க் என்று படம் காட்டியது என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரோ ஒரு புண்ணியவான் பிசியில் போட்டு ஃபார்மட் அடித்திருக்கிறான், அதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன் என்றார்.

ஆகவே செல்விக்குத் தெரிந்துவிட்டது. அழித்தது மட்டுமல்ல, பொய் சொன்னதும் தெரிந்துவிட்டது. இன்னொன்று எனக்கு மட்டும் தெரிந்தது. அந்தக் கால மேக்கில் பிசி டிஸ்கைச் செருகினாலே போதும், யாரையும் கேட்காமல் அது தன் வசதிக்காக ஒன்றிரண்டு சின்னக் கோப்புகளை அதில் எழுதி வைத்துக்கொள்ளும். அவை எதன்மேல் போய் உட்கார்ந்தனவோ, அது போனதுதான்.

அங்கிருந்து அப்படியே கடைக்குத் திரும்பியிருக்கலாம். யாரும் என்னைத் தேடி வந்திருக்க மாட்டார்கள். இரண்டு தெருவுக்கு அப்படித்தான் ஓட்டினேன். பிறகு வண்டியைக் கடற்கரைப் பக்கம் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சாவித்திரியின் மேசைக்கு முன்னால் மறுநாளும் போய் உட்கார வேண்டுமே என்ற பயமாகக் கூட இருக்கலாம்.

சாந்தோம், அடையாறு பாலம், பெசன்ட் நகர் என்று போய்க் குப்பத்துக்குள் நுழைந்தேன். படிவத்தில் இருந்த விலாசத்தை விசாரித்தபோது, சந்து முனையில் அலுமினியக் கூடை முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், "எம் பொண்ணுதான். இன்னா விசயம்?" என்றார். கன்னியம்மா. மத்தியான வெயிலில் மீன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லத் தொடங்கினேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேக், பிசி என்று உளறினேன். அதற்குள் செல்வி வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டார். அழுது ஓய்ந்த முகம். என்னைப் பார்த்ததும் அம்மாவிடம் திரும்பி, "இந்த ஆளுதாம்மா. இவருதான் அழிச்சாரு. அழிச்சிட்டு, ஒண்ணியும் இல்லன்னு சொல்லி என்னிய பஸ் ஏத்தி வுட்டாரு" என்றார்.

ஆமாம் என்றேன். நான்தான் அழித்தேன், தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அடி விழும் என்று நினைத்தேன், விழுந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. சாக்கின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவுரு சொன்னதெல்லாம் அதுலதான் கீது. இவ படிச்சிக் காட்டுவா, நான் கேட்டுகினு இருப்பேன். திருப்பி எடுக்க முடியுமா, முடியாதா? அத்த மட்டும் சொல்லு."

முடியும் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எல்லாக் கஸ்டமரிடமும் அதைத்தான் சொல்வேன். "தெரியலம்மா. கொஞ்சம் கெடைக்கும். முழுசாக் கெடைக்குமான்னு தெரியல" என்றேன். அன்று நான் சொன்ன முதல் நேர்மையான வாக்கியம் அது.

டிஸ்கைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். செல்வி கொடுக்கவில்லை.

"உங்க கைல தர மாட்டேன் சார். நானே எடுத்துகினு வரேன். எந்த பட்டன அமுக்கணுமோ நீங்க சொல்லுங்க, அது இன்னா கேக்குதுன்னு எனக்குப் படிச்சுக் காட்டுங்க. நான் அமுக்குறேன்."

நம் கடையின் ரூல் அங்கே, மீன்கூடைக்குப் பக்கத்தில் பிறந்தது. போட்டது நான் என்று நினைத்திருப்பீர்கள். நான் அதற்குக் கட்டுப்பட்டவன், அவ்வளவுதான்.

அன்று பிற்பகலே செல்வி கடைக்கு வந்தார். முதலாளி விஷயம் தெரிந்து என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிசி ஒன்றை எங்களுக்கு ஒதுக்கிவிட்டு, வேறு வேலை எதையும் அதில் எடுக்க வேண்டாம் என்றார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். திரையில் வருவதை ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் தமிழில் சொன்னேன். செல்வி யோசித்து அமுக்கினார். முதலில் டிஸ்கில் இருந்ததை எழுத்து எழுத்தாக அப்படியே பிசிக்குள் பிரதி எடுத்தோம். இனி பிரதியில்தான் வேலை, மூலத்தை யாரும் தொடக் கூடாது. டிஸ்கை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றி அவரே வைத்துக்கொண்டார்.

பிரதிக்குள் பார்த்தால் பொருளடக்கம் போனதால் பக்கங்கள் துண்டு துண்டாக, இடம் மாறிக் கிடந்தன. அதைவிடப் பெரிய கஷ்டம், அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய சட்டை மாதிரி. எழுத்துரு இல்லாமல் பார்த்தால் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் குப்பை கொட்டின மாதிரி இருக்கும். அதில் எது ஆய்வேடு, எது இயந்திரத்தின் சொந்தக் குப்பை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சாவித்திரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் குப்பையைப் பார்த்துச் சரளமாகத் தமிழ் படிக்க ஆரம்பித்தார். வருஷக்கணக்காக எழுத்துரு விட்டுப்போன கோப்புகளைத் திருத்தித் திருத்தி அந்தப் பழக்கம் வந்துவிட்டதாம். அப்படி ஒரு வித்தை அவரிடம் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. கூடவே நாலு வருடம் வேலை செய்திருக்கிறேன். அவர் படிக்கப் படிக்க, அது எந்த அத்தியாயத்தில் எந்த இடம் என்று செல்வி சொன்னார். நான் குறித்து வைத்தேன். செவ்வாய், புதன், வியாழன் என்று அந்த வேலை நடந்தது.

அந்தக் குப்பையிலிருந்து காற்றுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன: வாடை வந்தது, கொண்டல் வந்தது, கச்சான் வந்தது. ஒரு துண்டில், கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை இருந்தது. அதில் ஒரு அடையாளம் மயிலாப்பூர் கபாலி கோயில் கோபுரம். படித்துக்கொண்டே வந்த சாவித்திரி அங்கே நிறுத்தினார்.

"எங்காத்து மொட்டை மாடிலேர்ந்து தெனமும் பாக்கற கோபுரம் இது. உங்கப்பா அதைக் கடல்லேர்ந்து பாத்திண்டிருந்திருக்கார்" என்றார். செல்வி முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தார்.

வியாழக்கிழமை மூன்று மணிவாக்கில் ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில், தண்ணீரின் நிறத்துக்கு அப்பா சொன்ன பெயர்கள் வரிசை எண்ணோடு வந்துகொண்டிருந்தன. விடியும் முன் எப்படி இருக்கும், மீன் கூட்டம் கீழே போகும்போது எப்படி மாறும் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம். நாலாவது பெயரின் நடுவில் சாவித்திரியின் குரல் நின்றது. அதற்குப் பிறகு வேறு ஏதோ இருந்தது. மேக் தன் வசதிக்காக எழுதி வைத்துக்கொண்டது. ஒன்றரைப் பக்கம் தாண்டி, பத்தொன்பதாம் எண்ணிலிருந்து மறுபடி தமிழ் வந்தது.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஃபார்மட்டில் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்தத் தப்பை ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது, கூட ஒன்றரைப் பக்கம் அதில் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. சாவித்திரிக்குக் கூடத் தெரியாது. ஆனாலும் சொன்னேன். ஃபார்மட்டில் உங்கள் அப்பாவின் ஒரு சொல்லும் போகவில்லை. நான் அப்போதே உண்மையைச் சொல்லி டிஸ்கை வெளியே எடுத்து வைத்திருந்தால் நீங்கள் திருவல்லிக்கேணிக்குப் போயிருக்க மாட்டீர்கள், அங்கே மேக்கில் போட்டிருக்க மாட்டார்கள். இந்த ஒன்றரைப் பக்கத்தை அழித்தது என் விரல் இல்லை, என் பொய் என்றேன்.

செல்வி என்னை ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாவித்திரியிடம், "பத்தொம்போதுலேர்ந்து படிங்க அக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. வழிகாட்டிப் பேராசிரியர், வரிசை எண்களை மாற்றிப் போட்டுவிடு, இடைவெளி தெரியாது என்று சொன்னாராம். செல்வி மறுத்துவிட்டார். அப்பா சொன்ன பெயர்களில் இரண்டு மூன்று நினைவில் இருந்தும், விளக்கம் உறுதியாகத் தெரியவில்லை என்று அவற்றையும் எழுதவில்லை. சில வருடங்கள் கழித்து அது புத்தகமாக வந்தபோது எனக்கும் சாவித்திரிக்கும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தார். கடைசி அத்தியாயத்தில் நாலு முதல் பதினெட்டு வரை எண்கள் மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும், எதிரே எதுவும் இருக்காது. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'சொன்னவர் இல்லை, எழுதியதும் இல்லை.' என் பெயரை எங்கேயும் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? தப்பு செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கை இருக்கிறவரை தப்பும் இருக்கும். தப்பு நடந்த அடுத்த நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கையை எடுத்துவிடுங்கள், எதையும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உரியவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் தப்பு எவ்வளவு பெரிதாக இருந்ததோ, அதற்குமேல் அது வளராது. நான் வளரவிட்டேன்.

கன்னியம்மாவைப் பல வருடங்கள் பெசன்ட் நகர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மீன் பழக்கம் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறையாவது அந்தச் சந்து முனைக்குப் போவேன், வேறு வழியில் போக மனம் வராது. கம்ப்யூட்டரில் புதிது புதிதாக என்னென்னவோ வருகிறது என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"இன்னா சாரு, அந்த ஒண்ணரப் பக்கம் கெட்ச்சுதா?"

"இல்லம்மா."

"சரி. தேடிகினு இரு" என்பார், கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டே.

அவர் முதல் தடவை கேட்டபோதே, அது இனி கிடைக்காது என்று சொல்லியிருந்தேன். கணவரின் குரல் எங்கேயோ ஒரு டிஸ்கில் அகப்பட்டுக் கிடக்கிறது என்று அவர் நம்பினாரா, அல்லது என்னை விடாமல் கேட்க வேண்டும் என்று கேட்டாரா, தெரியாது. கடைசியாகக் கேட்டபோது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். அடுத்த மாதம் போனபோது அந்த இடத்தில் கூடை இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாத பிறகும் அந்தச் சந்து முனையில் கொஞ்ச நேரம் நின்று, இல்லம்மா என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.